எழுந்து போனவர்

"அந்த மனுஷன் பேரையா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது."

டாக்டர் செய்னி தேநீர்க் கோப்பையை டொக்கென்று வைத்தாள்.

விரெமு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். ஒரு காலத்தில் அவளிடம் பயிற்சி பெற்றவன். இப்போது டனீடன் ஆராய்ச்சிக் கூடத்தில் பயிற்சி நிதிகளையெல்லாம் கவனிப்பவன்.

"அக்கா, பேராசிரியர் முயர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகுது. குழுவில எல்லாரும் சரின்னுட்டாங்க. நீங்க தலையாட்டினா போதும்."

"தீவுகள்லேருந்து வர்ற இளம் டாக்டர்களுக்கான நிதிடா இது. தீவுக்காரி ஒருத்தி உள்ளே வந்ததும் எழுந்து போன ஆள் பேர் இதுக்கு எதுக்கு?"

விரெமுவுக்குக் கதை மனப்பாடம். கட்டடத்துக்கே மனப்பாடம்.

அப்போது இளம் டாக்டரான செய்னிக்குக் கண்ணில் கனவு, காலில் தோழியின் செருப்பு. டோங்கா தீவிலிருந்து வந்து தொழிற்சாலையில் உழைத்த அப்பாவுக்கு கவுட் என்கிற மூட்டுவாதம். கால் கட்டைவிரல் வீங்கினால் போர்வை பட்டால்கூட அலறுவார். அந்த நோய்க்கு மருந்து தேடத்தான் ஆராய்ச்சிக்கே வந்தாள். பயிற்சி நிதி கிடைத்தால் முழு நேரமும் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவில் மாடாய் உழைத்து, மிச்ச நேரத்தில் மைக்ரோஸ்கோப்.

தேர்வுக்குழு முன்னால் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் முயர் எழுந்தார். பாதி குடித்த தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் கதவைத் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு ஓட்டில் நிதி கைநழுவிப் போனது. அடுத்த வருஷம்தான் கிடைத்தது.

"கால் அவ்வளவு வலிச்சும் உட்காரப் பிடிக்கலை பாரு!" செய்னிக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"வர்றவங்களோட ஏதாவது சம்பந்தம் இருந்தா வெளியே போயிடணும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம்னு அப்பவும் விதி இருந்ததே அக்கா?"

"எனக்கும் அவருக்கும் என்னடா சம்பந்தம்? அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல."

விரெமு பேச்சை மாற்றப் பார்த்தான். "சரி, உங்க ஏழாம் நம்பரை நினைச்சுக்கிட்டு கோபத்தைக் குறைங்க."

செய்னியின் முகம் தானாக மலர்ந்தது.

அந்தக் கஷ்டமான வருஷத்தில் அவளைத் தாங்கியது ஏழாம் நம்பர்தான். வீங்கிய கட்டைவிரலில் ஊசி ஏற்றி நீர் எடுக்க வேண்டிய ஆராய்ச்சி அது. முதல் ஊசியிலேயே ஒத்துக்கொண்டு வந்த நோயாளிகளில் பாதிப் பேர் ஓடிப் போனார்கள். இன்னும் ஒருவர் குறைந்தாலும் கடையைக் கட்டியிருப்பார்கள். ஏழாம் நம்பர் மட்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பெயர் நர்ஸுக்கு மட்டுமே தெரியும். செய்னிக்கு வருவது எண் ஒட்டிய குழாய்தான். தேர்வுக்குப் போன அன்று காலையில்கூட ஏழாம் நம்பரின் குழாய் வந்திருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற யாரோ அண்ணன் என்று அவளே ஒரு முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த மருந்தைச் சாப்பிட்டுத்தான் அப்பா கடைசிக் காலத்தில் சர்ச்சுக்கு நடந்தே போனார். எந்த மேடையில் பேசினாலும், "ஏழாம் நம்பருக்கு என் நன்றி" என்றுதான் இன்றுவரை ஆரம்பிப்பாள்.

கதவு தட்டப்பட்டது. வெண்ணெய் மணக்கும் சீஸ் ரோல் தட்டோடு முயரின் மனைவி மோராக்.

விரெமு, "இதோ வர்றேன்" என்று நைஸாக நழுவிவிட்டான். அவன் ஏற்பாடுதான்.

"பேர் வைக்க நீ ஒத்துக்கலையாமே கண்ணு? நல்லதுதான். அவர் இருந்திருந்தா கூச்சப்பட்டிருப்பார்."

செய்னிக்கு முகம் சிவந்தது. இனி மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"மோராக் அம்மா, உங்ககிட்டயே கேட்டுடறேன். அன்னைக்கு நான் உள்ளே வந்ததும் ஏன் எழுந்து போனார்? என்னைக் கண்டா அவ்வளவு இளக்காரமா?"

"இளக்காரமா! நீ பேசற கூட்டம் ஒண்ணு விடாம கடைசி வரிசையில உட்கார்ந்து கை தட்டினவர் கண்ணு அவர்."

"அப்போ அன்னைக்கு?"

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தவர் சோத்துல கையே வைக்கலை. 'என் ஒரு ஓட்டு இருந்தா அந்தப் பொண்ணு ஜெயிச்சிருக்கும் மோராக்'னு புலம்பித் தீர்த்துட்டார்."

செய்னி விடவில்லை. "உட்கார்ந்து அந்த ஓட்டைப் போட்டிருக்கலாமே! ஒரு வருஷம் எப்படி அல்லாடினேன் தெரியுமா?"

"எனக்கும் ஆத்திரம்தான். 'அந்த ஊசிக் கருமத்தை விட்டுட்டு முன்னாடியே விலகியிருந்தா ஓட்டாவது போட்டிருக்கலாமே'ன்னு திட்டினேன். 'நான் விலகினா அவ ஆராய்ச்சியே நின்னு போயிடும். ஓட்டு அடுத்த வருஷம் வேற யாராவது போடுவாங்க'ன்னார். தான் இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிக்கிட்டார்."

செய்னி சட்டென்று நிமிர்ந்தாள். "எந்த ஊசி?"

மோராக் அவள் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ஏழாம் நம்பர் எப்படி கண்ணு உனக்கே ஓட்டுப் போடும்?"