நடுச்சுவருக்கு மேலே

கூடத்தில் மூன்று பேர் இருக்கிறோம். இன்ஜினியர் அம்மா மடக்கு ஏணியின் இரண்டாம் படியில், என் மனைவி சோபாவின் கைப்பிடியில், நான் தரையில் எழுதும் அட்டையோடு. நாலாவது ஆளான அப்பா தம் அறைக்குள்ளேயே, நிலைப்படிக்கு அந்தப் பக்கம், சக்கர நாற்காலியில். நாற்காலி அந்த வாசலில் திரும்பாது. அதனால்தான் நடுச்சுவரை எடுத்துவிட நினைக்கிறோம். சாயங்கால வெயில் அவர் முழங்கால்வரை வந்து நிற்கிறது. நான் சுவரைத் தட்டிக் காட்டுகிறேன். "சத்தம் லேசாத்தானே இருக்கு?" "தட்டிப் பார்த்து வாங்க இது தர்பூசணியா சார்?" என்கிறார் இன்ஜினியர் அம்மா. அவர் பூச்சைச் சுரண்டிய இடத்திலிருந்து செங்கல் தூள் ஏணிப்படியில் சிவப்பாக உதிர்ந்திருக்கிறது. "இதுக்கு நேர் மேல மாடியில சுவர் நிக்குதா, வெறும் தரையான்னு பாக்கணும். பாக்காம கை வைக்க மாட்டேன்."

மாடி அண்ணனுடையது. அவனே கட்டி, அவனே அறைகளாகத் தடுத்து, ஒரு சண்டையில் பூட்டிக்கொண்டு போய்விட்டான். "பூட்டை உடைச்சிடலாமா?" என்று மனைவி மெதுவாகக் கேட்கிறாள். "உடைச்சுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்கிட்ட பேசறது?" என்கிறார் அப்பா. "போன எடுக்க மாட்டான். லெட்டர் எழுது." சுவரின் நீளம், பருமன், மேலே பார்க்கவேண்டிய இடம் எல்லாம் எழுதி, சாவியை அனுப்பும்படி கேட்டு, படித்துக் காட்டுகிறேன். "அனுப்பச் சொல்லாத," என்கிறார் அப்பா. "கொண்டு வரச் சொல்லு." அடித்து மாற்றுகிறேன். உறையின் பசையை அவரே நாவால் நனைத்து, தொடைமேல் வைத்து, விளங்கும் இடது கையால் நெடுநேரம் அழுத்துகிறார். நிலைப்படிக்கு மேலாக அவர் நீட்டும் உறையை வாங்கி, அளவு நாடாவோடு பையில் போட்டுக்கொண்டு, இன்ஜினியர் அம்மா தெருமுனைத் தபால் பெட்டியை நோக்கி நடக்கிறார்.