கொடியில் காயும் பெயர்கள்

வெள்ளம் வடிந்தபோது வேதக்கோயிலின் பெரிய பைபிள் தையல் விட்டுத் தாள் தாளாகப் பிரிந்திருந்தது. கோயில் ஊழியம் பார்க்கும் உபதேசியார், வீட்டுக்கு ஒரு தாளாகக் கொடுத்துக் காயவைக்கச் சொன்னார். தெரு முழுக்கத் துணிக்கொடிகளில் வேதம் தொங்கியது. எல்லோரும் அதன் கீழே குனிந்து நடந்தார்கள்.

பாக்கியசீலிக்கு வந்த தாளில் வெறும் பெயர்கள். வெள்ளத்தன்று பேச்சை நிறுத்திய அவள் கணவன் ஞானாபரணம் இன்னும் வாய் திறக்கவில்லை. அவனுக்காக ஓர் ஆறுதல் வசனத்தை எதிர்பார்த்திருந்தாள்.

“எங்களுக்கு ஆறுதலான சங்கீத வசனம்லா வந்திருக்கு. ஒனக்கு ஓட்டர் லிஸ்டா, அக்கா?” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு மேரிபுஷ்பம்.

பாக்கியசீலி உபதேசியாரிடம் வேறு தாள் கேட்டாள்.

“எல்லாம் ஆண்டவரு சொன்னதுதாம்மா. அதுல நீ பொறுக்கி எடுப்பியோ?”

அவள் கொடியருகே நின்று ஸ்தோத்திரம் சொல்லி உரக்க வாசித்தாள். யார் யாரையோ பெற்ற யார் யாரோ. நாக்கு புரளாத பெயர்கள். ஒன்றையும் விடவில்லை. பதினேழாவது பெயரில் வீட்டுக்குள் கட்டில் கிரீச்சிட்டது.

“அது யாரு?” என்றான் ஞானாபரணம்.

அவள் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

“தெரியலையே... அவரு மவன் பேரு போட்டிருக்கு. வாசிக்கட்டா?”