ரெண்டு நிமிஷத் தாமதம்

"என் கம்ப்யூட்டர் தினமும் ஆன் பண்ணா ரெண்டு நிமிஷம் அப்படியே முழிச்சுக்கிட்டு நிக்குது! இதைச் சரிபண்ண இங்க ஒரு ஆள் இல்லையா?" படியேறி வந்த மூச்சிரைப்போடு கத்தினார் மேலாளர்.

"பழைய மெஷின் சார், அப்படித்தான் இருக்கும்," என்றாள் கணினிப் பிரிவுப் பெண்.

அவர் அறைக்குள் போனதும், அவர் கணினியின் ஸ்டார்ட்-அப் செட்டிங்கைத் தன் திரையில் திறந்து பார்த்த பக்கத்து இருக்கைத் தோழி திடுக்கிட்டாள்.

"அடிப்பாவி! ஸ்டார்ட் ஆகும்போதே ரெண்டு நிமிஷம் காத்திருன்னு நீயேதான் செட் பண்ணி வச்சிருக்கியா?"

"அவருக்கு ஆபரேஷன் பண்ண நெஞ்சுடி. படியேறினதும் கொஞ்சம் சும்மா உட்காருங்கன்னு டாக்டர் சொன்னாக் கேக்கறாரா? இப்ப வேற வழியில்லாம உட்கார்றார்."

"தெரிஞ்சா உன் வேலை போயிடும்டி!"

"போனாப் போகட்டும். எங்கப்பா நல்லா இருந்தாப் போதும்," என்றாள் மேலாளரின் மகள்.