கதவுக்குப் பின்னால் இருந்த மெஷின்

பூங்கோதை தன் அடுக்களையில் இருந்த வாஷிங் மெஷினுக்குக் கதவு போட்டு மறைத்தாள். மேடைமேல் இருந்த கிரைண்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னப்பா, உன்னை அலமாரிக்குள்ள அடைச்சுட்டாங்களா?"

"அடுப்புக்குப் பக்கத்துல அழுக்குத் துணியான்னு வர்றவங்க முகம் சுளிக்கிறாங்களாம்," என்றது மெஷின்.

"நான் ஓடுனா மூணு வீட்டுக்குக் கேட்கும். உன் பொழைப்பு இப்படியா ஆகணும்!"

ஆயுத பூஜைக்குக் கிரைண்டர், மிக்ஸி, அடுப்பு எல்லாவற்றுக்கும் பூங்கோதை பொட்டு வைத்தாள். கதவு சாத்தியிருந்ததில் மெஷினை மறந்தே போனாள்.

மறுநாள் மெஷின் போர்வை துவைத்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் வந்து நின்றாள். பூங்கோதை அவசரமாக அதை நிறுத்திக் கதவைச் சாத்தினாள். வந்தவள் அந்தக் கதவிலேயே சாய்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். உள்ளே வயிறு முட்டத் தண்ணீரும் ஊறிய போர்வையும். ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. கிரைண்டருக்குத்தான் மூச்சு முட்டியது.

"அடுக்களை கண்ணாட்டம் இருக்கு அண்ணி! துணியெல்லாம் வெளியில குடுத்துடுறீங்களோ?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் கிளம்பினாள்.

"என்ன சொல்லிட்டுப் போறாங்க?" என்று மெஷின் மெதுவாகக் கேட்டது.

கிரைண்டர் தயங்கியது. "இந்த வீட்ல மெஷினே இல்லைன்னு நினைச்சுட்டாங்க."

"நெஜமாவா?" மெஷின் பூரித்துப் போனது. பூங்கோதை வந்து பொத்தானை அழுத்தியதும், விட்ட இடத்திலிருந்து உற்சாகமாகச் சுற்றத் தொடங்கியது.

கிரைண்டருக்குத் தன் நெற்றியில் இருந்த பொட்டு கனத்தது.