இடுக்கில் இறுகிய பெயிண்ட்

கதவிடுக்கில் இறுகிக் கிடந்த பெயிண்டைக் காலையிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார் அவர்.

"ஒரு ஆளைக் கூப்பிட்டா அரை நாள்ல முடிச்சிடுவான். குனிஞ்சா நிமிர முடியாத மனுஷனுக்கு ஏன் இந்த வீம்பு?" என்றாள் மனைவி.

"வீம்புக்குப் பூசினதும் நான்தானே? நானே சுரண்டுறேன்."

"ஏழு வருஷத்துல ஆறு தடவை பூசினீங்க. லேசுல வருமா?"

மூச்சு வாங்கியது. கையை நிறுத்தினார்.

சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டை இரண்டாகப் பிரித்து, பேச்சை முறித்துக்கொண்ட அன்று அடைத்த நடுக்கதவு அது. அந்தப் பக்கம் தம்பி வீடு.

"அண்ணே!" ஏழு வருஷம் கழித்துக் கேட்ட குரல். "மேல்பாதியை மட்டும் பாருங்க. கீழ்ப்பாதியை நான் இங்கிருந்தே எடுத்துடுறேன். நீங்க குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்குமே!"