செல்வலட்சுமி சொன்ன முடிவு

அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் இலக்கிய வகுப்பில், பாடத்தில் இருந்த நாடகத்தையும் அதன் திரைப்படத்தையும் ஒப்பிட்டு அன்று செல்வலட்சுமி பேசினாள்.

"நாடகத்துல நாயகி வீட்டை விட்டு வெளியேறுறதோட திரை விழுந்துரும். எங்க போனான்னு தெரியாது. படத்துல ஒரு வார்த்தையும் பேசாம பஸ் ஏறி டவுனுக்குப் போயிருறா. அந்த முடிவுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

வகுப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்தின நாள் எல்லாரும் சேர்ந்து பார்த்த படம் அது.

"படத்துல பஸ் எங்கம்மா வருது?" என்றார் பேராசிரியர் ராஜகுரு.

அவள் பதில் சொல்வதற்குள் தோழி மாரீஸ்வரி எழுந்து அவரிடம் ஓடினாள்.

"நான்தான் சார் இவ காதுல அப்படிச் சொன்னேன்" என்றாள் மெதுவாக. "நாயகி கிணத்துல விழுறதை எப்படிச் சார் இவகிட்டச் சொல்லுவேன்? இவ அம்மாவும் அப்படித்தான் செத்துப் போனாக."

ராஜகுரு அடுத்த மாணவரைப் பேச அழைத்தார்.

வகுப்பு முடிந்ததும் மாரீஸ்வரி வெள்ளைக் கைத்தடியை எடுத்து செல்வலட்சுமியிடம் கொடுத்தாள். தடியோடு அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள் செல்வலட்சுமி.

"தண்ணியில விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு மாரி."

"பெறகு ஏன்டி நான் சொன்னதையே சொன்ன?"

"அவளாவது பொழச்சுப் போகட்டுமேன்னுதான்."