பேய் வந்த பாட்டு

சியோலின் மத்தியான வெயில் தெருவோடு நின்றுவிடுகிறது. நிலவறையில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பச்சையும் சிவப்புமாய்ச் சின்ன விளக்குகள் மினுங்குகின்றன. இசையமைப்பாளரும் கம்பெனியின் முதலாளியுமான மா கில்ஹ்வான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதே இடத்தை மறுபடி ஓடவிடுகிறார். பாடகி நாரே பாடும் உச்ச வரிக்கு முன்னால் ஒரு மூச்சு, விசில்போல மெலிந்து இழுக்கிறது. பக்கத்தில் ஒலிப்பதிவாளர் போங்சொப் தொடையைத் தட்டிச் சிரிக்கிறான். "அண்ணே, பேய் வந்துடுச்சுண்ணே! பேய்ச் சத்தம் பதிஞ்சா பாட்டு ஹிட்டுதான். நம்ம முதல் ஆல்பத்துலயும் வந்துச்சே, மறந்துட்டீங்களா?" கில்ஹ்வான் மறக்கவில்லை. அன்றைக்கும் இதே இழுப்பு, இதே சிரிப்பு. பாட்டு முதலிடத்துக்கு வந்த வாரம், பாடியவள் மேடையிலேயே மூச்சு முட்டி விழுந்தாள். அப்புறம் அவள் பாடவேயில்லை.

கண்ணாடிக்கு அப்பால் நாரே ஒரு கையால் மைக் கம்பியைப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கை விலாவை அழுத்துகிறது. பார்லித் தேநீர் தொடாமலே ஆறிக் கிடக்கிறது. போங்சொப் மைக்கில் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்கிறது. "நெஜமாவா சார்? பேயா? அப்ப இன்னொரு தடவ பாடட்டுமா?"

போதும், வீட்டுக்குப் போம்மா என்று சொல்லத்தான் கில்ஹ்வான் மைக்கின் பக்கம் குனிகிறார்.

"ஒரே ஒரு தடவம்மா," என்கிறது அவருடைய குரல்.

சிவப்பு விளக்கு எரிகிறது. நாரே மூச்சை இழுக்கும்போது அவர் ஹெட்போனைக் கழற்றிவிடுகிறார்.